புதுசு வாங்கும் முன் ஒரு வாளிக் கணக்கு

"சார், கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ரேம் கூடுதலாப் போட்டுடலாமா? இல்லை, புதுசே வாங்கிடலாமா?"

நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். "கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் எந்த புரோகிராம் மெமரியைத் தின்கிறது என்று பார்த்தீர்களா?" பத்தில் ஒன்பது பேர் பார்த்திருக்க மாட்டார்கள். என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்பே என்ன வாங்குவது என்று முடிவு செய்திருப்பார்கள்.

இப்படி மற்றவர்களுக்கு உபதேசம் செய்யும் நானே என் வீட்டில் அதே தவறைச் செய்ய இருந்தேன். கம்ப்யூட்டரில் அல்ல, குளியலறை வாட்டர் ஹீட்டரில். கம்ப்யூட்டர் பத்திரிகையில் கீசரைப் பற்றி எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பழக வேண்டியது எந்த சாப்ட்வேரையும் அல்ல, கோளாறைத் தேடும் முறையைத்தான் என்பது என் கருத்து. அந்த முறையை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது ஒரு 15 லிட்டர் கீசர். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கடைசி ஆள்

மதுரை திருநகரில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, அப்பத்தா, நான் என நான்கு பேர். மதுரைக்கு கீசர் தேவையா என்று கேட்பவர்கள் சித்திரை வெயிலை மட்டும் பார்த்தவர்கள். மார்கழியில் விடியற்காலை மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஊசி குத்துவது போல் இருக்கும்.

கடந்த கார்த்திகையில் குளியலறைக்கு டைல்ஸ் மாற்றினோம். வேலை முடிந்து கீசரைத் திரும்ப மாட்டிய பிறகு வெந்நீர் பற்றாமல் போனது. ஒரு வாளி நிரம்பும்போதே தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். ஐந்து வருடமாக எங்கள் நான்கு பேருக்கும் போதுமாக இருந்த அதே கீசர்தான். பார்க்க வந்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "15 லிட்டர் உங்க வீட்டுக்குப் பத்தாது சார். பழசாவும் ஆயிடுச்சு. 25 லிட்டர் போட்டுடுங்க" என்றார். நானும் சரி என்று சொல்லி, விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

அன்று இரவு அப்பத்தா சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை நிறுத்தியது. "நீங்க எல்லாரும் குளிச்சு முடிச்ச பெறகு ஒங்கம்மா பச்சத்தண்ணியிலதான்டா குளிக்கிறா. மூணு வாரமா." அம்மாவிடம் கேட்டதற்கு, "அதான் புதுசு வாங்கப் போறீங்கள்ல, அதுவரைக்கும் இருந்துட்டுப் போகுது" என்றார்கள். வீட்டில் எது பற்றாமல் போனாலும் கடைசியில் அந்தப் பற்றாக்குறையைத் தாங்குபவர் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது அம்மா. மூன்று வாரம் நான் அதைக் கவனிக்கவே இல்லை. நான்தான் முதல் ஆளாகக் குளித்துவிட்டு ஆபீசுக்கு ஓடுபவன் ஆயிற்றே!

புரோகிராமர் கேட்க வேண்டிய முதல் கேள்வி

நேற்று வரை ஓடிய புரோகிராம் இன்று ஓடவில்லை என்றால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "நடுவில் என்ன மாறியது?" என்பதுதான். ஆபீசில் தினமும் கேட்கும் இந்தக் கேள்வியை வீட்டில் கேட்க மறந்துவிட்டேன். கீசர் மாறவில்லை. வீட்டில் ஆட்கள் கூடவில்லை. அப்படியானால் 15 லிட்டர் திடீரென்று ஏன் போதாமல் போக வேண்டும்?

அடுத்த கேள்வி, "எவ்வளவு?" என்பது. "பத்தவில்லை" என்பது புகார், அளவு அல்ல. "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்பதும் அப்படித்தான். ஆன் செய்ததிலிருந்து டெஸ்க்டாப் வர எத்தனை வினாடி, அப்போது மெமரி எத்தனை சதவீதம் என்று எண்ணில் சொன்னால்தான் மேலே நகர முடியும். ஆகவே முதலில் கணக்கு.

வாளிக் கணக்கு

இது எட்டாம் வகுப்புக் கணக்குதான். பயப்பட வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி தரும். தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்றும், கீசர் அதனை 60 டிகிரிக்குக் கொண்டு போகிறது என்றும் வைத்துக் கொள்வோம். உயர்வு 33 டிகிரி. 15 லிட்டருக்கு 495 கிலோ கலோரி, அதாவது ஏறத்தாழ 0.58 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர் இதற்கு 17 நிமிடம் எடுத்துக் கொள்ளும்.

யாரும் 60 டிகிரியில் குளிப்பதில்லை. குளிக்க 40 டிகிரி போதும். பச்சைத் தண்ணீர் கலந்தால் அந்த 15 லிட்டர், 40 டிகிரியில் 38 லிட்டராகும். 16 லிட்டர் வாளி என்றால் இரண்டே கால் வாளிக்கு மேல். வாளி வைத்து மொண்டு குளிக்கும் நம் பழக்கத்திற்கு ஒருவருக்கு இது தாராளம்.

இனி ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வைத்தால் அதே கீசர் தருவது 26 லிட்டர்தான். தெர்மோஸ்டாட் 60-லேயே இருந்து, மார்கழியில் தொட்டித் தண்ணீர் 22 டிகிரிக்கு இறங்கினால் 32 லிட்டர்தான். இரண்டும் ஒன்றாக நடந்தால் 23 லிட்டர். 38 எங்கே, 23 எங்கே! கீசரில் ஒரு கோளாறும் இல்லாமலேயே வெந்நீர் இவ்வளவு குறைய முடியும்.

இந்தக் கணக்கை உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் எக்செல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ போட்டு வையுங்கள். லிட்டர், தொட்டி வெப்பநிலை, கீசர் வெப்பநிலை, குளிக்கும் வெப்பநிலை என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தில் ஃபார்முலா. கீசர் வெப்பநிலையிலிருந்து தொட்டி வெப்பநிலையைக் கழித்து லிட்டரால் பெருக்குங்கள். வருவதை, குளிக்கும் வெப்பநிலைக்கும் தொட்டி வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். ஒரு எண்ணை மாற்றினால் விடை தானாக மாறுவதைப் பார்க்கும்போது, ஸ்பிரெட்ஷீட் எதற்காக என்பது எந்தப் பாடமும் இல்லாமல் புரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் கிடைத்த எண்கள்

சமையலறை தெர்மாமீட்டர் ஒன்றும் ஐந்து லிட்டர் மக் ஒன்றும் எடுத்துக் கொண்டேன். தொட்டித் தண்ணீர் 24 டிகிரி. கீசரை ஆன் செய்து, அதன் விளக்கு தானாக அணையும் வரை காத்திருந்தேன். பிறகு சுவிட்சை அணைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து ஐந்து ஐந்து லிட்டராகப் பிடித்தேன். முதல் ஐந்து லிட்டர் 54 டிகிரி. அடுத்தது 46. மூன்றாவது 40.

இந்த மூன்று எண்களையும் உற்றுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் முதல் மக்கிலேயே சூடு குறைந்திருக்க வேண்டும். ஹீட்டர் எலிமென்ட் போயிருந்தால் சூடே வந்திருக்காது. இங்கே முதல் மக் நல்ல சூடு. அதன் பிறகுதான் சரிவு. சூடாக்குவதில் குறை இல்லை, சூடான தண்ணீர் வெளியே வரும் வழியில்தான் ஏதோ குறை என்று அர்த்தம்.

சுவரில் மாட்டும் கீசரின் அடியில் இரண்டு குழாய் முனைகள் இருக்கும். நீல வளையம் உள்ளது பச்சைத் தண்ணீர் நுழையும் வழி. சிவப்பு வளையம் உள்ளது வெந்நீர் வெளியேறும் வழி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போல இருக்கும். உள்ளே அப்படி அல்ல. சிவப்பு முனையிலிருந்து ஒரு நீண்ட குழாய் டாங்கின் உச்சி வரை போகும். நீல முனை அடியிலேயே நின்றுவிடும். வெந்நீர் இலேசு, மேலே மிதக்கும். பச்சைத் தண்ணீர் அடியில் நுழைந்து, மேலே உள்ள வெந்நீரைக் கலக்காமல் தள்ளி உச்சியிலிருந்து வெளியேற்றும். அதனால்தான் 15 லிட்டரில் பெரும்பகுதி ஒரே சூட்டில் வருகிறது.

டைல்ஸ் வேலையின்போது எங்கள் வீட்டில் இந்த இரண்டு இணைப்புக் குழாய்களையும் இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள். பச்சைத் தண்ணீர் உச்சியில் விழுந்து வெந்நீரோடு கலந்தது. கலந்த தண்ணீர் அடியிலிருந்து வெளியே வந்தது. வளையங்களின் நிறத்தைப் பார்த்து, குழாய்கள் சுவருக்குள் எங்கே போகின்றன என்று தொடர்ந்து பார்த்ததில் விஷயம் வெளிச்சமானது. மவுசையும் கீபோர்டையும் மாற்றிச் செருகிவிட்டு மதர்போர்டு போச்சு என்று சொல்வார்களே, அதே கதை!

இதில் வெந்நீர் குறைவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சரியாக மாட்டிய கீசரில் மாடித் தொட்டி காலியானாலும் டாங்க் காலியாகாது, ஏனென்றால் தண்ணீர் உச்சியிலிருந்துதான் வெளியேற முடியும். மாற்றி மாட்டினால் அடி வழியாக டாங்க் வடிந்துவிடும். அது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் எலிமென்ட் தண்ணீரில்லாமல் காயும். எலிமென்ட் போவதோடு நின்றால் நல்லது.

வேறொரு பிளம்பர் வந்து அரை மணி நேரத்தில் குழாய்களையும், தவறான பக்கத்தில் இருந்த சேஃப்டி வால்வையும் இடம் மாற்றினார். திரும்ப அளந்தேன். 58, 57, 50 டிகிரி. 40 டிகிரிக் குளியல் கணக்கில் 21 லிட்டராக இருந்தது 29 லிட்டரானது. ஒன்றேகால் வாளி, கிட்டத்தட்ட இரண்டு வாளியானது.

குழாயை மாற்றாமல் 25 லிட்டர் கீசர் வாங்கியிருந்தால்? அதே பழைய இணைப்பில் மாட்டியிருப்பார்கள். அதிலும் கலப்பு நடந்திருக்கும். தண்ணீர் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கும், நாமும் சரியாகிவிட்டது என்று நம்பியிருப்போம். தவறு மட்டும் சுவரில் அப்படியே இருந்திருக்கும். பெரிய ரேம் போட்டு வைரஸை மறைப்பது போலத்தான் இது.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம்

எல்லோர் வீட்டிலும் குழாய் மாறியிருக்காது. அதனால் மற்ற காரணங்களையும், செலவில்லாதவற்றில் தொடங்கி, வரிசையாகச் சொல்கிறேன்.

1) புது ஷவர். தலைக்கு மேல் மழை போல் கொட்டும் அகல ஷவர் நிமிடத்திற்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டக் கூடியது. 38 லிட்டர் நான்கு நிமிடம்கூடத் தாங்காது. ஒரு வாளியை அடியில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று செல்போனில் பாருங்கள். குற்றவாளி ஷவராக இருந்தால் கீசரை மாற்றிப் பயனில்லை.

2) மிக்ஸர் குழாயில் கசிவு. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே கைப்பிடியில் வரும் குழாய்களில், உள்ளே தேய்மானம் ஏற்பட்டால் பச்சைத் தண்ணீர் வெந்நீர் வழிக்குள் புகும். சோதிப்பது எளிது. கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு, கீசருக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடுங்கள். பிறகு வெந்நீர்ப் பக்கம் மட்டும் திறங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்தால் அது மிக்ஸர் வழியாக வரும் பச்சைத் தண்ணீர். மாற்ற வேண்டியது மிக்ஸரின் உள்பாகம், கீசர் அல்ல.

3) வோல்டேஜ். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதனை அவசியம் புரிந்து கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ள எஸ்எம்பிஎஸ், வோல்டேஜ் குறைந்தால் கூடுதலாகக் கரண்ட் இழுத்துச் சமாளித்துவிடும். அதனால் கம்ப்யூட்டர் வேகம் குறையாது. கீசரில் உள்ளது வெறும் கம்பிச்சுருள். வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும்; எனவே சூடு இரு மடங்கு வேகத்தில் சரியும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் எலிமென்ட், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1225 வாட்தான் தரும். 17 நிமிட வேலை 28 நிமிடமாகும்.

சோழவந்தான் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை வீடு தெருவின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல். மோட்டார்கள் ஓடும் காலை நேரத்தில் அங்கே 180 வோல்ட்தான் பார்த்தேன். "கீசர் கெட்டுப் போச்சு" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் முன்னதாக ஆன் செய்யுங்கள் என்றேன். கீசர் "சரியாகிவிட்டது".

வோல்டேஜ் பார்க்க மல்டிமீட்டர் வேண்டும் என்பதில்லை. யுபிஎஸ் அல்லது ஸ்டெபிலைசரில் டிஸ்ப்ளே இருந்தால் அதிலேயே தெரியும். யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் யுபிஎஸ் என்றால், அதன் சாப்ட்வேரில் நாள் முழுவதும் வந்த வோல்டேஜைப் பார்க்கும் வசதி பலவற்றில் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். கீசர் சுவிட்சைப் போட்டவுடன் யுபிஎஸ் "டக்" என்று பேட்டரிக்கு மாறுகிறதா? ஹாலில் விளக்கு மங்குகிறதா? அப்படியானால் வீட்டு ஒயரிங் மெலிதாக இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கலாம். தளர்ந்த இணைப்பு சூடாகும், கருகும். உடனே எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

4) உப்புத் தண்ணீர். மதுரையில் வைகை அணைத் தண்ணீர் வரும் வீடுகளுக்கும் போர் தண்ணீரை நம்பியிருக்கும் புறநகர் வீடுகளுக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. போர் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடானதும் சுண்ணாம்பாக மாறி எலிமென்டில் ஓடு போலப் படியும். இதனால் கரண்ட் வீணாகிறது என்று சொல்வார்கள். முழுக்க உண்மையல்ல. டாங்குக்குள் உண்டாகும் வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். உண்மையான கெடுதல் வேறு. ஓட்டுக்குள் சிக்கிய எலிமென்ட் அதிகச் சூடாகி வெடிக்கும். அந்தச் சூடு பக்கத்தில் உள்ள தெர்மோஸ்டாட்டைத் தொட்டு, தண்ணீர் காய்வதற்கு முன்பே கரண்டை நிறுத்திவிடும். உதிர்ந்த சுண்ணாம்பு டாங்கில் தங்கி இடத்தையும் அடைக்கும். விளக்கு சீக்கிரமே அணைகிறது, ஆனால் முதல் மக்கே சூடாக இல்லை என்றால் முதலில் இதனைச் சந்தேகியுங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-ன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் போர் தண்ணீர் எவ்வளவு என்பதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தித் தெரிந்து கொள்ளலாம். அளவு அதிகம் என்றால் வருடத்திற்கு ஒரு முறை எலிமென்டைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதே டாங்குக்குள் உள்ள மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். டாங்க் துருப்பிடிப்பதற்குப் பதிலாக அந்தக் கம்பி தான் கரைந்து டாங்கைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்த பிறகு துரு டாங்கைப் பிடிக்கத் தொடங்கும்.

5) வரிசை. இரண்டு வாளி வெந்நீரின் சூட்டை ஈடு செய்ய 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ 15 நிமிடம் வேண்டும். நான்கு பேர் அடுத்தடுத்து ஐந்து நிமிட இடைவெளியில் குளித்தால் நான்காவது ஆளுக்கு எந்தக் கீசரும் திணறும். கால் மணி இடைவெளி விட்டால் 15 லிட்டரே போதும்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

பழையதைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று நான் சொல்லவில்லை. டாங்கே ஒழுகினால் மாற்றிவிடுங்கள். ஒட்டுப் போடும் வேலை நிற்காது. குழாயைத் தொட்டால் ஷாக் அடித்தால், அல்லது கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால், அன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கசிவு எலிமென்டிலா, ஒயரிங்கிலா, எர்த் இணைப்பிலா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை யாரும் அதில் குளிக்கக் கூடாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லை என்றால், புதுக் கீசர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதனைப் போடுங்கள். கம்ப்யூட்டர் கேபினெட்டில் விரல் வைத்தால் சுரீர் என்று இருக்கிறதே, அதற்கும் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

கீசர் 16 ஆம்பியர் பிளக்கில்தான் இருக்க வேண்டும். மூடியை நீங்களே திறக்காதீர்கள். நான் மேலே சொன்ன சோதனைகள் எதற்கும் ஸ்குரூ டிரைவர் தேவையில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வாங்குவது என்றாகிவிட்டால் கணக்கோடு போங்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர், 27 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு நிமிடத்திற்கு 3.3 லிட்டர் வீதம்தான் தரும். வாளி நிரம்ப ஐந்து நிமிடம். வாளிக்கு அது போதும், ஷவருக்குப் போதாது. வோல்டேஜ் குறைந்த ஊரில் வாளிக்கும் இழுக்கும். டாங்க் உள்ள கீசர் என்றால், எரிசக்தி திறன் பணியகத்தின் நட்சத்திர லேபிளைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதை வைத்துத்தான் அந்த நட்சத்திரங்கள். கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய குளியலறைகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

யோசனைக்குக் கூலி

மெக்கானிக்குகளை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தவறு நம்முடையதும்தான். பாகத்திற்குப் பணம் கொடுப்போம், வேலைக்குக் கொடுப்போம். ஆனால் ஒருவர் அரை மணி நேரம் சோதித்துவிட்டு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இதை மட்டும் திருப்பி மாட்டுங்க" என்று சொன்னால், "இதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுவோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் யார் உட்கார்ந்து கண்டுபிடிப்பார்கள்? மாற்றச் சொல்வதுதான் அவர்களுக்கு லாபம், நேரமும் மிச்சம். என் யோசனை இது. அழைக்கும்போதே, "என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லுங்கள். எதையும் மாற்றாவிட்டாலும் பார்த்த கூலி தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரிடமும் இதையே சொல்லுங்கள். கிடைக்கும் பதில் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி அரசும் பேசத் தொடங்கிவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் போன்ற மின்னணுக் கருவிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் அதில் அடக்கம். நல்ல விஷயம். ஆனால் பழுது என்னவென்று பார்க்கும் பொறுமை நமக்கு இல்லை என்றால் உரிமை இருந்து என்ன பயன்? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அப்போது எனக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல், "புது லேப்டாப் எது வாங்கலாம்?" என்ற கேள்விதான். "என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடுமா, ஓடாவிட்டால் லினக்ஸ் போடலாமா?" என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அது ஒரு நாள் மக்கர் செய்யும். அப்போது கடைக்கு ஓடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். முன்பு எப்படி இருந்தது? நடுவில் என்ன மாறியது? இப்போது எவ்வளவு, எண்ணில்? இந்த மூன்று வரிகளோடு நீங்கள் போனால் சர்வீஸ் செய்பவரும் உங்களை வேறு மாதிரி நடத்துவார்.

எங்கள் வீட்டில் இப்போது குளியல் வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் அம்மாவும் அப்பத்தாவும், கடைசியில் நான். குழாய் மாற்றிய மறுநாள் காலை குளித்துவிட்டு வந்த அம்மா, "தண்ணி ரொம்பக் கொதிக்குதுப்பா, கொஞ்சம் குறைச்சு வை" என்றார்கள். குறைக்கவில்லை. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் பிடித்து, அதன் பிறகு வெந்நீர் பிடிக்கச் சொன்னேன். 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதை மறக்காமல் சொல்லி வையுங்கள்.